சிறுநீரகக் கல் எடுத்த பிறகு 24 மணி நேர யூரின் டெஸ்ட்: கடலுக்குப் போகிறவர் எப்படி எடுப்பது?

தங்கச்சிமடம்_தம்பி

வணக்கம். அப்பாவுக்கு 54 வயது, ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவர். சில வருடங்களுக்கு முன் ஒரு கல் தானாகவே விழுந்தது. இந்த முறை விழவில்லை. வலது பக்கச் சிறுநீர்க் குழாயில் 9 மில்லிமீட்டர் கல் சிக்கிக்கொண்டு, மதுரைக்குக் கொண்டுபோய் லேசரில் உடைத்து எடுத்தோம். டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் எழுதியிருப்பது: ஒரு மாதம் கழித்து 24 மணி நேரச் சிறுநீர், அதில் கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம், கிரியாட்டினின்.

சீட்டைப் பக்கத்தில் ஒரு லேபில் காட்டினேன். "இதெல்லாம் எதுக்குத் தம்பி, சாதா யூரின் டெஸ்ட்லயே தெரிஞ்சிடும்" என்று சொல்லி ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 'கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ++' என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா, மறுபடியும் கல் வந்துவிட்டது என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த ரிப்போர்ட் போதாதா? போதாது என்றால் நாள் முழுக்கப் பிடிக்கிற டெஸ்டை அப்பா எப்படி எடுப்பது? திங்கள், புதன், சனி கடல். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் போட்டு இறங்கினால் மறுநாள் காலைதான் கரை. ஏப்ரல் 15 வந்துவிட்டால் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை வீட்டில்தான் இருப்பார். அப்போது எடுத்துக்கொள்ளலாமா?

லேப்_தொண்டி

தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். படிகம் வேறு, கல் வேறு. நான் லேபில் வேலை பார்க்கிறவன். குறுக்கே பெருக்கல் குறி போட்ட சின்னச் சதுரம் மாதிரி இந்தப் படிகம் மைக்ராஸ்கோப்பில் தெரியும். கல்லே வராத ஆட்களின் சிறுநீரிலும் தினமும் பார்க்கிறோம். முந்தின நாள் ஆக்சலேட் நிறைந்த கீரை சாப்பிட்டிருந்தாலும் வரும், டப்பா ரொம்ப நேரம் மேசையில் ஆறிக் கிடந்தாலும் வரும். உடம்புக்குள் இல்லாதது டப்பாவுக்குள் உருவாகியிருக்கலாம். ஆறு பக்கம் உள்ள தட்டையான படிகம், சிஸ்டின் என்போம், அது மட்டும் விதிவிலக்கு. ஒரு தடவை கண்ணில் பட்டாலும் விடக்கூடாது. அது பரம்பரையாக வருகிற கல்.

சாதா டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரத்தம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா, பிஹெச் (அமிலமா காரமா என்கிற அளவு) எவ்வளவு என்று அதில் தெரியும். ஆனால் உங்கள் டாக்டர் கேட்பது வேறு. ஒரு நாளில் உடம்பு எவ்வளவு கால்சியத்தை வெளியே தள்ளுகிறது, கல்லைத் தடுக்கிற சிட்ரேட் எவ்வளவு வருகிறது, அதெல்லாம் எவ்வளவு தண்ணீரில் கரைந்து வருகிறது என்பது கணக்கு. ஒரு வேளைச் சிறுநீரை வைத்து அதைச் சொல்ல முடியாது. காலையில் வருவது ஒரு மாதிரி, சாப்பாட்டுக்குப் பிறகு வருவது ஒரு மாதிரி.

பிடிக்கிற முறை: காலை 6 மணிக்கு எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட வேண்டும். அது நேற்றைய கணக்கு. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு சொட்டும் கேனில். மறுநாள் காலை அதே 6 மணிக்கு, முட்டுகிறதோ இல்லையோ, ஒரு தடவை போய் அதையும் கேனில் சேர்த்து முடிக்க வேண்டும். நேராகக் கேனில் போகாமல் மக்கில் பிடித்து ஊற்றுங்கள். மலம் கழிக்கப் போகும்போது கூடவே வருகிறதே, அதைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். பெண்கள் மாதவிடாய் நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

கேனுக்குள் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் போட்டுக் கொடுப்பார்கள். கால்சியமும் ஆக்சலேட்டும் அடியில் படியாமல் இருக்க அது வேண்டும். யூரிக் அமிலத்துக்கு நேர் எதிர், அமிலத்தில் அதுவே படிந்துவிடும். அதனால் சில லேபில் இரண்டு கேன், இரண்டு நாள். சில லேபில் வெறும் கேனில் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுவரச் சொல்லி, அவர்களே பிரித்து அமிலம் சேர்ப்பார்கள். எந்த முறை என்று கேட்காமல் பிடிக்கத் தொடங்காதீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், சிறுநீர்க் குழாய்க்குள் டிஜே ஸ்டென்ட் என்கிற சின்ன டியூப் வைத்திருந்தால் எடுத்தாயிற்றா? அது உள்ளே இருக்கும்போது பிடிக்க வேண்டாம்.

தங்கச்சிமடம்_தம்பி

ஸ்டென்ட் எடுத்து மூன்று வாரம் ஆகிறது அண்ணே. விவரமாகச் சொன்னதற்கு நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

சாயல்குடி_பனங்காடு

ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி ஒன்றுக்கைப் பிடித்து மெட்ராஸுக்கு அனுப்பி, கடைசியில் என்ன சொல்லப்போகிறார்கள்? தண்ணி குடி என்பார்கள். அதை நானே இலவசமாகச் சொல்கிறேன். நம் மாவட்டத்துத் தண்ணிதான் காரணம். உவர்த்தண்ணி குடித்துக் குடித்துத்தான் வீட்டுக்கு ஒருவருக்குக் கல். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில். எங்கள் ஐயா காலத்தில் இதுதான்.

கீழக்கரை_காக்கா

பனங்காடு அண்ணனுக்கு சலாம். தண்ணி குடி என்றுதான் சொல்வார்கள், உண்மை. எவ்வளவு, எதற்கு, அதோடு வேறு என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் சவூதியில் டிரெய்லர் ஓட்டினவன். அங்கே கல் வந்து இந்த டெஸ்ட் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை லீவு, ரூமில் ஏசி, கையெட்டும் தூரத்தில் தண்ணி, அன்றைக்குப் பிடித்துக் கொண்டுபோனேன். இரண்டரை லிட்டருக்கு மேல் இருந்தது. எகிப்து டாக்டர் கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எந்த நாளில் எடுத்தாய்?" என்றார். சொன்னேன். "லாரியில் உட்கார்ந்திருக்கிற நாளில் எடுத்து வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ரோட்டில் எடுத்த நாளில் 900 மில்லி கூட வரவில்லை. மூத்திரம் போக வண்டியை நிறுத்த வேண்டுமே என்று தண்ணியே குடிப்பதில்லை, எல்லா டிரைவரும் அப்படித்தான்.

அதனால் தம்பி, தடைக்காலத்துக்குக் காத்திருக்காதீர்கள். வாப்பா வேப்பமர நிழலில் கட்டிலில் கிடக்கும்போது எடுத்தால் ரிப்போர்ட் அழகாக வரும். கல் அந்த அழகைப் பார்த்து வளர்வதில்லை, கடலில் இருக்கிற நாளில் வளர்கிறது.

உச்சிப்புளி_வாத்தியார்

எனக்கு இதில் உடன்பாடில்லை. நடுக்கடலில் ஆடுகிற படகில், அமிலம் போட்ட கேனில் ஒரு மனிதர் எப்படிப் பிடிப்பார்? கை தவறினால் தோல் வெந்துவிடும். பாதி கடலில் போய்விட்டால் டெஸ்டே வீண். தடைக்காலத்தில் வீட்டில் சரியாகப் பிடித்த ரிப்போர்ட், கடலில் அரைகுறையாகப் பிடித்ததை விட மேல்.

லேப்_தொண்டி

வாத்தியார் ஐயா அமிலத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. அமிலக் கேனைப் படகில் ஏற்றவே கூடாது. ஆனால் படகில் ஐஸ் இருக்கிறதே! நம் லேபுகளில் இல்லாத குளிர்ச்சி விசைப்படகில் இருக்கிறது. இறுக்கமான மூடி போட்ட வெறும் கேனை ஒரு தனி தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வைத்துக் கொண்டுபோகலாம். கரைக்கு வந்ததும் நேராக லேப், அமிலம் அங்கே. முன்கூட்டியே லேபில் ஒத்துக்கொண்டால் இது சரியான முறைதான். மீன் ஐஸ் கிடக்கிற அறைக்குள் மட்டும் வைக்க வேண்டாம். ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் கேள்விப்பட்டால் உங்கள் வாப்பாவுக்குக் கல்லை விடப் பெரிய பிரச்சினை வரும்.

பாதி போய்விட்டதா என்ற சந்தேகத்துக்குத்தான் கிரியாட்டினின். அது தசையிலிருந்து வருவது, ஒருவருக்கு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. ஆணுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 18 முதல் 24 மில்லிகிராம், பெண்ணுக்கு 15 முதல் 20. எழுபது கிலோ ஆளுக்கு 700 மில்லிகிராம்தான் வந்திருக்கிறது என்றால் மீதி எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம். எங்களிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

அப்புறம் தம்பி, டோக்கன் போட்ட காலையிலிருந்து மறுநாள் காலை வரை என்று சொன்னீர்களே, அதுவே 24 மணி நேரம். வீட்டில் எழுந்ததும் முதல் சிறுநீரை விட்டுவிட்டுக் கிளம்பினால் கணக்கு நேராக விழும்.

வாலிநோக்கம்_உப்பளம்

ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உப்பளத்தில் வேலை. எனக்கும் கல் வந்திருக்கிறது. இந்த டெஸ்ட் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. பாத்தியில் தண்ணி வற்ற வற்ற, 25 டிகிரியைத் தாண்டினால் (வெயில் சூடு இல்லை, உப்புச் செறிவை அளக்கிற போமே டிகிரி) உப்பு தானாகப் பூக்கும். தண்ணியில் உப்பு எவ்வளவு என்பதை விட எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதைத்தான் டிகிரி பார்த்துச் சொல்வோம். உடம்புக்குள் நடப்பதும் அதுதானே?

எனக்கு ஒரு குழப்பம். எங்களிடம் எல்லோரும் உப்பைக் குறை என்கிறார்கள். வெயிலில் நின்று வேர்த்துக் கொட்டுகிறவன் உப்பைக் குறைத்தால் மயங்கி விழ மாட்டானா? கல்லுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? கல்லில் இருப்பது சுண்ணாம்புச் சத்துதானே?

ஹவுஸ்சர்ஜன்_ராம்நாடு

அதே கணக்குதான் அண்ணே. எந்தச் செறிவைத் தாண்டினால் படிகம் பூக்கும் என்பதைத்தான் மிகைச்செறிவு என்று பார்க்கிறோம். உங்கள் கையில் டிகிரிமானி இருக்கிறது, எங்களுக்கு 24 மணி நேரக் கேன்.

உப்புக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் உள்ள சம்பந்தம் சிறுநீரகத்தில் இருக்கிறது. அங்கே சோடியமும் கால்சியமும் ஏறக்குறைய ஒரே வழியாகத் திரும்ப உறிஞ்சப்படுகின்றன. நிறைய உப்பு சாப்பிட்டால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடும், கூடவே கால்சியமும் வெளியே போகும். சுமார் 6 கிராம் உப்பு கூடுதலாகச் சாப்பிட்டால் சிறுநீரில் கால்சியம் தோராயமாக 40 மில்லிகிராம் ஏறும். அதனால்தான் கல் டெஸ்டில் சோடியத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து நேற்று வீட்டில் எவ்வளவு உப்பு சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். 17 மில்லிமோல் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. நான் உப்பே சேர்ப்பதில்லை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு 250 மில்லிமோல் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் நிறையப் பேர். கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் யாரும் உப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேர்வை விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயம். உப்பளத்தில் வேர்த்துக் கொட்டுகிறவருக்குக் கொஞ்சம் உப்பு தேவைதான். ஆனால் வேர்வையில் போனது போக மிச்சம்தான் சிறுநீரில் வருகிறது. அந்த மிச்சமே பத்து கிராமைத் தாண்டினால், சாப்பிடுவது அதற்கும் மேலே என்று அர்த்தம்.

பனங்காடு அண்ணனின் உவர்த்தண்ணிக்கு வருகிறேன். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் கல்லை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது, ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் இறங்குகிறது. நம் கரையில் தண்ணியின் குற்றம் வேறு. உவர்ப்பு என்றால் அதில் சோடியம் இருக்கிறது. அதை விட முக்கியம், வாய்க்கு ஒப்பாத தண்ணியை யாரும் வயிறு நிறையக் குடிப்பதில்லை. வண்டித் தண்ணியைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் மூன்று லிட்டர் குடி என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கும்.

வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் குடிக்கும்போது கூடவே நிறையத் தண்ணீரும் உள்ளே போகிறது, அது நல்லதுதான். ஆனால் டெஸ்டுக்கு முந்தின வாரம் திடீரென்று தொடங்க வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வழக்கமாகக் குடிப்பதைக் குடித்துப் பிடித்தால்தான் கேன் உண்மையைச் சொல்லும். வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், அது உடம்பில் ஆக்சலேட்டாக மாறும்.

சாயல்குடி_பனங்காடு

சரிங்க டாக்டர் தம்பி. பாலையும் நிறுத்தச் சொல்கிறார்களே, அது?

ஹவுஸ்சர்ஜன்_ராம்நாடு

நிறுத்தவே கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஊரில் எடுபடுவதில்லை. இத்தாலியில் பார்மாவில் கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து ஐந்து வருடம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கால்சியம் குறைந்த சாப்பாடு. இன்னொரு பிரிவுக்குக் கால்சியம் வழக்கம்போல, ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. முதல் பிரிவில் 38 சதவீதம் பேருக்குக் கல் திரும்பியது, இரண்டாவதில் 20 சதவீதம். 2002-இல் வெளிவந்த ஆய்வு. பாலையும் மோரையும் நிறுத்தினால் குடலில் ஆக்சலேட்டைப் பிடிக்க ஆள் இல்லாமல் போகிறது, அது ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வருகிறது. கீரைக் கூட்டு சாப்பிடுகிற நாளில் கூடவே தயிர் சாப்பிடுங்கள் என்பது இதற்காகத்தான்.

தண்ணிக்கும் அதே குழு 1996-இல் ஒரு ஆய்வு செய்தது. முதல் கல் வந்தவர்களில் ஒரு நாளுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் வருகிற அளவு குடித்தவர்களுக்கு ஐந்து வருடத்தில் 12 சதவீதம், மற்றவர்களுக்கு 27 சதவீதம். இப்போது இரண்டரை லிட்டர் சிறுநீர் என்கிறார்கள். குடிப்பது இரண்டரை லிட்டர் இல்லை, வெளியே வருவது. நம் வெயிலில் அதற்கு மூன்றரை, நான்கு லிட்டர் உள்ளே போக வேண்டியிருக்கும்.

பாம்பன்_பாசிக்காரி_மகள்

இதையெல்லாம் வாசிக்க ஆத்திரமாக வருகிறது, உங்கள் மேல் இல்லை. எங்கள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் இறங்கினால் மதியம் தாண்டித்தான் ஏறுவார்கள். முக்கிக்கொண்டே இருக்கிற வேலையில் எங்கே போய் ஒதுங்குவது? அதனால் வேண்டுமென்றே தண்ணி குடிக்காமல் போகிறார்கள், எல்லாப் பெண்களும். தாகத்தை அடக்குவது ஒரு திறமை மாதிரி ஆகிவிட்டது. அம்மாவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு, போன மாதம் ஸ்கேனில் சின்னக் கல் 4 மில்லிமீட்டர்.

இவர்களால் கேனில் பிடிக்க முடியாது. கடலில் இடுப்பளவு தண்ணியில் நிற்கிறவர் எதில் பிடிப்பார்? வேறு வழி இருக்கிறதா?

லேப்_தொண்டி

அக்கா, நியாயமான கேள்வி. கேன் முடியாது என்றால் இரண்டு சின்ன விஷயம் பார்க்கலாம். ஒன்று ஒப்படர்த்தி, சாதா டெஸ்ட் பட்டையிலேயே தெரியும். 1.010 என்று இருந்தால் நல்ல நீர்த்த சிறுநீர். 1.020, 1.030 என்று ஏறினால் உடம்பு வற்றிக் கிடக்கிறது. கடலிலிருந்து ஏறி வந்ததும் முதலில் போகிற சிறுநீரில் பாருங்கள். இன்னொன்று, லேபே வேண்டாம், இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றை வெட்டாமல் கழுவி வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நாளில் ஒரு நாள் முழுக்கப் பிடித்து அளந்து பாருங்கள். வீட்டில் இருக்கிற நாளிலேயே பாட்டில் நிரம்பவில்லை என்றால், கடல் நாளில் என்ன கதி என்று தெரிந்துவிடும்.

ஹவுஸ்சர்ஜன்_ராம்நாடு

அடிக்கடி நீர்க்கடுப்பு என்றீர்களே, முதலில் யூரின் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட், பாருங்கள் அக்கா. சில கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கி, அதனாலேயே கல் வளரும். பிஹெச் 7-க்கு மேலேயே நின்றால் அந்தச் சந்தேகம் வரும். அந்தக் கல் வேகமாகப் பெரிதாகும், கல்லையும் முழுவதுமாக எடுக்க வேண்டும், கிருமிக்கும் மருந்து வேண்டும். காய்ச்சல், குளிர் நடுக்கத்தோடு இடுப்பு வலி வந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிஹெச் எதிர்ப்பக்கம் 5.5-க்குக் கீழேயே நின்றால் யூரிக் அமிலக் கல். சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். சாளை, நெத்திலி, ஆட்டுக்கறி என்று தினமும் போகிற வீடுகளிலும் பார்க்கிறோம். இந்தக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில் தெரியும். கல்லிலேயே நல்ல கல் என்று சொல்லலாம், சிட்ரேட் மருந்து கொடுத்துப் பிஹெச்சை 6.5 பக்கம் கொண்டுவந்தால் கத்தி இல்லாமல் கரைந்துவிடும். ஆனால் சிட்ரேட் சிரப்பை மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிக் குடிக்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது இதயத்தைப் பாதிக்கும்.

தம்பி, எடுத்த கல் எங்கே? ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களா?

தங்கச்சிமடம்_தம்பி

கொடுத்தார்கள் டாக்டர். அம்மா அதை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கரும்பழுப்பு நிறத்தில் துண்டு துண்டாக இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

ஹவுஸ்சர்ஜன்_ராம்நாடு

அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு இரண்டு துண்டு வாங்கி, கல்லையும் ஆய்வுக்கு அனுப்புங்கள். அகச்சிவப்புக் கதிரில் வைத்து எதனால் ஆன கல் என்று சொல்லிவிடுவார்கள். கல் எது என்று தெரிந்தால் சிறுநீர் ரிப்போர்ட்டில் எந்த எண்ணை உற்றுப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

தங்கச்சிமடம்_தம்பி

புதன்கிழமை கடலில் எடுத்தாயிற்று! அப்பா முதலில் முடியாது என்றார். கூடப் போகிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள் என்று. பண்ணவும் செய்தார்களாம், கேனுக்குப் பேரே வைத்துவிட்டார்கள், இங்கே எழுத முடியாது. ஆனால் இரவு வலை இழுக்கிற நேரத்தில் அப்பா மறந்து ஓரத்துக்குப் போனபோது அந்தப் பையன்களில் ஒருவன்தான் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கிறான்.

ரிப்போர்ட் இது. எடை 68 கிலோ. மொத்த அளவு 1.1 லிட்டர். கிரியாட்டினின் 1350 மில்லிகிராம். கால்சியம் 290. ஆக்சலேட் 34. யூரிக் அமிலம் 720. சிட்ரேட் 210. சோடியம் 230 மில்லிமோல். கல் ஆய்வு: கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட். கால்சியம் 300-க்குள் இருப்பதால் நார்மல் என்று லேபில் போட்டிருக்கிறது. அப்படியானால் கவலை இல்லையா?

லேப்_தொண்டி

1350-ஐ 68-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20. ஒரு சொட்டு விடாமல் பிடித்திருக்கிறார். கேன் தூக்கிய பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

ஹவுஸ்சர்ஜன்_ராம்நாடு

உங்கள் டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும், நான் எண்களை மட்டும் வாசிக்கிறேன். 290 நார்மல் என்பது ஒரு நாள் மொத்தத்துக்கு. அந்த 290-உம் 1.1 லிட்டருக்குள் அடைந்து கிடக்கிறது. லிட்டருக்கு 260-க்கு மேல். இதே கால்சியம் இரண்டரை லிட்டரில் கரைந்து வந்தால் லிட்டருக்கு 116 தான். லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வராத ஆபத்து இது.

சோடியம் 230 என்றால் பதின்மூன்று கிராமுக்கு மேல் உப்பு. கால்சியம் விளிம்பில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிட்ரேட் 210 தெளிவாகக் குறைவு, 320-க்குக் கீழே என்றாலே குறைவு என்போம். ஆக்சலேட் பரவாயில்லை. ஆக, தண்ணி, உப்பு, சிட்ரேட், இந்த மூன்றிலும் சாப்பாட்டை வைத்தே நிறைய மாற்றலாம். ரத்தத்தில் கால்சியம் பார்த்தீர்களா? அது கூடுதலாக இருந்தால் கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பியில் கோளாறு இருக்கிறதா என்று தேட வேண்டும். அதை விட்டுவிட்டு யூரினை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

தங்கச்சிமடம்_தம்பி

ரத்தக் கால்சியம் 9.4. மதுரை டாக்டர் நார்மல் என்றார். நீங்கள் சொன்னதையேதான் அவரும் சொன்னார், கிட்டத்தட்ட அதே வரிசையில். சிட்ரேட் மாத்திரை எழுதியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் கடல் நாளில் ஒரு கேன். கருவாட்டை வாரத்துக்கு ஒரு நாள் என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும்.

வாலிநோக்கம்_உப்பளம்

எலுமிச்சம்பழத்தில் சிட்ரேட் இருக்கிறது என்கிறார்களே, தினமும் ஜூஸ் போட்டுக் குடிக்கலாமா? நாங்கள் உப்பு போட்டுத்தான் குடிப்போம்.

ஹவுஸ்சர்ஜன்_ராம்நாடு

குடிக்கலாம் அண்ணே, உப்பு போடாமல். ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்குகிற கதை அது. சர்க்கரையும் அள்ளிப் போடாதீர்கள். இளநீரும் நல்லது. ஆனால் சிட்ரேட் இவ்வளவு குறைந்தவருக்கு ஜூஸ் மட்டும் போதாது.

கீழக்கரை_காக்கா

எனக்குக் கால்சியம் கூடுதல் என்று நீர் பிரியும் மாத்திரை, தயசைடு, கொடுத்தார்கள். அது வேலை செய்யவில்லை என்று புதிய ஆய்வு சொல்கிறதாமே?

ஹவுஸ்சர்ஜன்_ராம்நாடு

2023-இல் சுவிட்சர்லாந்தில் 416 பேரிடம் செய்த ஆய்வைச் சொல்கிறீர்கள். ஹைட்ரோகுளோரோதயசைடை மூன்று அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களை விடக் கல் குறையவில்லை. அதற்கு முன் வந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொன்னதால் டாக்டர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம் காக்கா, பிரஷருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அடுத்த தடவை போகும்போது ஒரு கேன் பிடித்துக்கொண்டு போங்கள், மாத்திரையால் கால்சியம் இறங்கியிருக்கிறதா என்று அதிலேயே தெரியும்.

கீழக்கரை_காக்கா

இன்ஷா அல்லாஹ். நோன்பு முடிந்துதான். நோன்பு மாதத்தில் பிடித்தால் அது வழக்கமான நாள் ஆகாதே.

உச்சிப்புளி_வாத்தியார்

தடைக்காலம் வரட்டும் என்று சொன்னவன் நான். தம்பி கொண்டுவந்த 1.1 லிட்டர் என் வாயை அடைத்துவிட்டது. ஆனாலும் அமிலக் கேனைப் படகில் ஏற்றாதீர்கள் என்ற என் வார்த்தையை மட்டும் யாரும் அழித்துவிடாதீர்கள்.

பாம்பன்_பாசிக்காரி_மகள்

அம்மாவுக்குக் கல்ச்சரில் கிருமி வந்திருக்கிறது, மருந்து தொடங்கியாயிற்று. கரையேறி வந்ததும் பார்த்ததில் ஒப்படர்த்தி 1.030. மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து வீட்டில் இருக்கிற நாளில் ஒரு கேன், கடலுக்குப் போகிற நாளில் ஒப்படர்த்தி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். லேப் அண்ணே, கேன் உங்களிடமே கிடைக்குமா, எந்த நாளில் கொண்டுவரலாம்?

லேப்_தொண்டி

கிடைக்கும் அக்கா. முந்தின நாளே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், எடையும் உயரமும் எழுதித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கித் திங்கள் காலையில் முடிப்பது நல்லது. சனிக்கிழமை கொடுத்தால் கூரியர் திங்கள்தான் எடுப்பான், ரிப்போர்ட்டும் தள்ளிப்போகும்.